காலை எட்டரைக்கு ஒரு நாக்-அவுட்

ரிச்சர்ட்ஸ் டவுன் என்று சொல்லி ஆட்டோவில் ஏறினால் ரிச்மண்ட் டவுனில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மீட்டருக்கு மேல் கேட்பார்கள். குற்றம் ஆட்டோக்காரர் மேல் இல்லை. ஊருக்குப் பெயர் வைத்த வெள்ளைக்காரன் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம். ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் என்று வந்த துரைகளின் பெயரையெல்லாம் வரிசையாகத் தெருமுனையில் நட்டுவிட்டுப் போய்விட்டான். 1898-ல் பிளேக் வந்து கண்டோன்மென்ட்டைத் துடைத்துப் போட்ட பிறகு, அகலமான தெரு, காற்றோட்டமான வீடு, எலி நுழைய வழியில்லாத அஸ்திவாரம் என்று ஃப்ரேசர் டவுனில் ஆரம்பித்த திட்டம் இது. அப்படியே பக்கத்துப் பேட்டைகளுக்கும் பரவியது. எலியைத் தடுத்துவிட்டார்கள். பாக்ஸிங்கைத் தடுக்க மறந்துவிட்டார்கள்.

பாக்ஸிங் அதற்கு முன்னாலேயே உள்ளே வந்தாயிற்று. 1809-ல் இங்கே பட்டாளம் கூடாரம் அடித்தது. அதன் பின்னாலேயே ஆற்காட்டுப் பக்கமிருந்தும் மெட்ராஸிலிருந்தும் சமையல்காரர், துணி வெளுப்பவர், கொத்தனார், கணக்குப்பிள்ளை என்று நம் ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சோல்ஜருக்கு யுத்தம் இல்லாத நாளில் பொழுது போகாது. ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். அதை முறைப்படி அடித்துக்கொள்ளத்தான் 1867-ல் லண்டனில் சட்டம் வந்தது: கையில் கிளவுஸ், மூன்று நிமிட ரவுண்டு, விழுந்தால் பத்து எண்ணிக்கை. எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ். பெயர் போனது குவீன்ஸ்பெரி பிரபுவுக்கு. எச்.ஏ.எல்.லிலும் ஐ.டி.ஐ.யிலும் முப்பது வருஷம் நோட் எழுதி மேனேஜர் கையெழுத்துக்கு அனுப்பியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலோ-இந்தியர்கள் கிளவுஸை மாட்டிக்கொண்டார்கள். மெட்ராஸில் நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்துக்கொண்டு ரிங்கில் ஏறினார்கள். பெங்களூர்த் தமிழர்கள் கொஞ்சம் புத்திசாலிகள். பெரும்பாலோர் வெளியே நின்று கருத்துச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பரம்பரைக்குப் பெயர் கிடையாது. ஆனால் இன்றைக்கும் காலையில் ரிச்சர்ட்ஸ் பார்க்குக்குப் போனால் பெஞ்சில் அதன் வாரிசுகள் உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்கள் பேசுவது ஹெவிவெயிட்டை மட்டும்தான். இத்தனைக்கும் ஹெவிவெயிட்டுக்கும் நமக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. புரொஃபஷனல் கணக்கில் 200 பவுண்டுக்கு மேல், அதாவது தொண்ணூறு கிலோவைத் தாண்ட வேண்டும். பெஞ்சில் தாண்டியவர்கள் உண்டு, ஆனால் அது பிரியாணி போட்ட எடை. நம் பக்கத்துக்கு உலக மேடையில் பேர் வாங்கிக் கொடுத்த வி. தேவராஜன், 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது பேன்டம்வெயிட்டில். "அது நல்ல ஃபைட் தம்பி, ஆனா ஹெவிவெயிட் மாதிரி வருமா?" என்பார்கள். எதைப் பற்றி நமக்குச் சம்பந்தமே இல்லையோ, அதைப் பற்றித்தான் கூச்சமில்லாமல் தீர்ப்புச் சொல்ல முடிகிறது.

தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "ஹெவிவெயிட் செத்துப்போச்சு மேன்."

செத்த தேதியில்தான் தகராறு. அலி கட்சிக்கு 1978 என்று ஒரு கணக்கு. டைசன் கட்சிக்கு 1990. மூன்றாவதாக ஜிம் பையன்கள், புரோட்டீன் ஷேக்கரைக் குலுக்கிக்கொண்டே, "அங்கிள், உசிக்கைப் பார்த்தீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திட்டு வாங்குகிறவர்கள்.

உண்மையில் ஹெவிவெயிட் சாக ஆரம்பித்து நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜான் எல். சல்லிவன் 1889-ல் வெறுங்கையால் எழுபத்தைந்து ரவுண்டு அடித்து ஜேக் கில்ரெய்னைச் சாய்த்தவர். எந்தச் சாராயக் கடையிலும் எவனையும் அடிப்பேன் என்று சவால் விட்டவர். சவாலில் முதல் பாதியைத்தான் அதிகமாக நிறைவேற்றினார். 1892-ல் அவரை வீழ்த்தியது யார்? கார்பெட் என்கிற முன்னாள் பேங்க் கிளார்க். இருபத்தோரு ரவுண்டு தள்ளித் தள்ளிப் போய்க் களைக்க வைத்து அடித்தார். கவுன்டரில் 'நாளைக்கு வாங்க' என்று சொல்லிப் பழகிய கை. 'இதெல்லாம் ஒரு சண்டையா' என்று அப்போதே முதல் ஒப்பாரி எழுந்தது.

அடுத்தது 1908. ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் சிட்னியில் பட்டத்தைப் பிடித்துவிட்டார். வெள்ளைக்காரனுக்கு உலகமே இருண்டுபோனது. பண்ணையில் குதிரைத்தீவனம் விளைவித்து நிம்மதியாகக் கொழுத்துக்கொண்டிருந்த பழைய சாம்பியன் ஜெஃப்ரிஸை இழுத்துவந்து, இனத்தின் மானத்தைக் காப்பாற்று என்று 1910-ல் ரீனோவில் நிறுத்தினார்கள். பதினைந்தாவது ரவுண்டில் மானம் கயிற்றில் தொங்கியது.

பிறகு ஜீன் டன்னி. சாம்பியனாக இருந்துகொண்டே 1928-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியரைப் பற்றி லெக்சர் கொடுத்தார். பாக்ஸர் புத்தகம் படிக்கிறான் என்பதை ரசிகர்கள் கடைசிவரை மன்னிக்கவில்லை. அடுத்து பிரைமோ கார்னேரா. ஆறரை அடி, இருநூற்று அறுபது பவுண்டு. 1934-ல் மேக்ஸ் பேயர் அவரைப் பதினோரு தடவை கீழே போட்டார். அவ்வளவு பெரிய ஆள் அத்தனை தடவை எழுந்து நின்றதே சாதனை என்பேன். நான் முழங்கால் ஆபரேஷனுக்காகக் காத்திருப்பவன், எழுந்திருப்பதன் அருமை எனக்குத் தெரியும். ஜோ லூயிஸ் வந்து 1937 முதல் 1949 வரை பட்டத்தை விடாமல் வைத்திருந்தார். இருபத்தைந்து தடவை காப்பாற்றினார். அதற்கும் குறை: எதிரே வருகிறவன் எல்லாம் சோப்ளாங்கியாம். நல்லவன் ஜெயித்தால் எதிராளி சரியில்லை, கெட்டவன் ஜெயித்தால் காலம் சரியில்லை. இந்த வழக்கை எந்தக் கோர்ட்டிலும் ஜெயிக்க முடியாது.

இந்த வரலாற்றில் அமெரிக்கர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. ஹெவிவெயிட் பாக்ஸிங் என்பது இந்தியாவில் டிபன் நேரத்து விளையாட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். லூயிஸ் 1938-ல் ஷ்மெலிங்கை இரண்டு நிமிடம் நாலு செகண்டில் முடித்தபோது நியூயார்க்கில் ராத்திரி பத்து, நமக்குக் காலை ஏழரை. இட்லி இறக்குவதற்குள் சண்டை முடிந்திருக்கும். 1971-ல் அலியும் ஃப்ரேசியரும் மோதிய முதல் சண்டை, நமக்கு மார்ச் 9, ஒன்பது மணி வாக்கில். 1974-ல் கின்ஷாசா: அமெரிக்க டிவிக்காக அங்கே விடிகாலை நாலு மணிக்கு மணி அடித்தார்கள், நமக்கு எட்டரை. 1975-ல் மணிலாவும் எட்டே கால் சுமாருக்கு. டைசன் 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் பத்தாவது ரவுண்டில் விழுந்து, பல் கவசத்தைத் தரையில் துழாவியதும் காலைப் பலகாரம் முடிகிற நேரத்தில்தான். உலகத்தில் எங்கே அடித்துக்கொண்டாலும், நம் வீட்டுச் சட்னி தாளிக்கிற நேரத்துக்கு அடித்துக்கொண்டார்கள். இப்படி ஒரு மரியாதை நமக்கு கிரிக்கெட்டில்கூடக் கிடைத்ததில்லை.

ரேடியோ வைத்திருந்தவர் வீட்டில் கூட்டம். ஷார்ட்வேவ் கடல் அலை மாதிரி வந்து போகும். முக்கியமான குத்து விழும்போது கரகரவென்று இரைச்சல். அந்த இரைச்சலில் விழுந்தது யார் என்பதை வைத்து ஒரு நாள் முழுக்க வாக்குவாதம் நடத்தலாம், மறுநாள் பேப்பர் வரும்வரை யாரும் தோற்க மாட்டார்கள். இப்போது யூடியூபில் ரிவைண்ட் பண்ணிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் சண்டையை முடித்துவிடுகிறார்கள். அலி கட்சியின் மனவருத்தத்தில் பாதி இதுதான்.

நேரில் பார்த்தவர்கள் பெருமையே தனி. பெங்களூருக்கு வாய்த்தவர் கன்போட் ஜாக். அமெரிக்கக் கறுப்பர். இந்தியா வந்து பம்பாய், மெட்ராஸ், பெங்களூர் என்று கூட்டத்தைக் கட்டிப் போட்டவர். கடைசியில் இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். ஹெவிவெயிட்டுக்கு எடை போதாது. ஆனால் தாத்தாக்கள் கதை சொல்லச் சொல்ல அவருக்கு வருஷத்துக்கு இரண்டு கிலோ ஏறியது. 'கன்போட் ஜாக் என் தோளில் கை போட்டார்' என்று சொல்லாத குடும்பம் கண்டோன்மென்ட்டில் இல்லை. அந்தக் கணக்குப்படி அவர் பயிற்சி எடுக்க நேரமே இருந்திருக்காது. அத்தனை தோள்கள் இருந்தும், வயதான காலத்தில் மனிதர் வறுமையில்தான் கிடந்தார். இதைச் சொன்னால் பெஞ்சில் எல்லோருக்கும் திடீரென்று வாக்கிங் ஞாபகம் வந்துவிடும்.

1980 ஜனவரியில் முகமது அலியே இந்தியா வந்தார். வயது முப்பத்தெட்டு. ரிட்டயர்மென்ட் அறிவித்தாயிற்று, தொப்பையும் அறிவித்தாயிற்று. டெல்லியில் கௌர் சிங் என்ற பட்டாளத்துக்காரர் அவரோடு நாலு ரவுண்டு கண்காட்சிச் சண்டை போட்டார். நம்மிடம் ஹெவிவெயிட்டே இல்லை என்கிறவர்களுக்கு இவர்தான் பதில். 1982-ல் ஆசியப் போட்டித் தங்கம். அவருக்கு முன்னால் 1966, 1970 இரண்டிலும் ஹவா சிங் தங்கம் வாங்கியிருக்கிறார். கௌர் சிங்குக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பின்னால் இதய சிகிச்சைக்கு அவர் கடன் வாங்க வேண்டி வந்தது. அலியிடம் நாலு ரவுண்டு தாக்குப் பிடித்தவர்.

மெட்ராஸில் நேரு ஸ்டேடியம். ரிங்கில் அலியோடு மோத ஜிம்மி எல்லிஸ். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திரையில் நூறு பேரை ஒற்றைக் கையால் அடித்தவரும், ரிங்கில் ஒவ்வொருவராகத்தான் அடிக்க முடிந்தவரும் ஒரே மேடையில். யார் பெரியவர் என்ற கேள்விக்கு அந்த ஸ்டேடியத்தில் ஓட்டெடுப்பு வைத்திருந்தால் அலி டெபாசிட் இழந்திருப்பார். பெங்களூரிலிருந்து ராத்திரி மெயில் பிடித்துப் போய்ப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எங்கள் பேட்டையில் மட்டும் இரண்டு பெட்டி நிறையத் தேறுவார்கள். இதற்கு நடுவில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்லி ஆப்பிரிக்காவில் பேசிவிட்டு வா என்று அலியை இங்கிருந்தே தூது அனுப்பினார். தான்சானியாவில் அதிபர் நைரேரே பார்க்கவே மறுத்துவிட்டார். அதே வருஷம் அக்டோபரில், ரிட்டயர்மென்ட்டை மறந்து, லாரி ஹோம்ஸிடம் போய் வாங்கிக்கட்டிக்கொண்டார். 1981-ல் பஹாமாஸில் கடைசிச் சண்டை. ரிங்குக்கு மணி கிடைக்காமல், மாட்டுக் கழுத்து மணியைக் கொண்டுவந்து அடித்தார்கள்.

கின்ஷாசாவில் அலி கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனைக் களைக்க வைத்ததை விளக்க, அலி கட்சித் தலைவர் பார்க் வேலியில் சாய்வார். இரண்டு கையையும் முகத்துக்குக் கொண்டுபோவார். டைசன் கட்சிக்காரர் ஃபோர்மனாக வந்து விலாவில் செல்லமாக இரண்டு தட்டுவார். மூன்றாவது தட்டில் ஹியரிங் எய்டு தெறித்துப் புல்லில் விழும். ஃபோர்மனும் அலியுமாகக் குனிந்து தேடுவார்கள். எட்டாவது ரவுண்டு வரை அந்தச் சண்டை போய் நான் பார்த்ததில்லை.

வரப்போகும் சண்டைகளைப் பேசும்போதுதான் குரல் உண்மையில் ஏறும். ஃபியூரி-ஜோஷுவா சண்டை கல்யாணத் தரகர் சொல்லும் வரன் மாதிரி: 'பேசி முடிச்சாச்சு, தட்டு மாத்தணும், அவ்வளவுதான்.' 2021 மே மாதம் ஃபியூரியே சவுதி, ஆகஸ்ட் 14 என்று நாள் குறித்தார். அடுத்த நாளே, முதலில் வைல்டரோடு மூன்றாவது சண்டையை முடி என்று மத்தியஸ்தரின் தீர்ப்பு வந்தது. இதற்கு நடுவில் நாலு சங்கம், நாலு பெல்ட். 1992-ல் ரிடிக் போ ஒரு பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டே காட்டினார். பெல்ட்டுக்கு அவமானம் என்று சங்கம் கொதித்தது. குப்பைத்தொட்டி என்ன நினைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

நாலு பெல்ட்டையும் ஒரே இடுப்பில் கட்டியவர் உக்ரைனின் உசிக். 2024 மே மாதம், ரியாத். லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு கால் நூற்றாண்டு கழித்து ஒரே சாம்பியன். ஹெவிவெயிட் உயிரோடுதான் இருக்கிறது என்று பையன்கள் கட்சி மாலை போடத் தயாராக இருந்தது. ஆனால் சவுதிக்காரர்கள் மணி அடித்தது அங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, நமக்கு மூன்றரை. டிபன் நேரத்துப் பாரம்பரியம் போயே போச்சு. கட்சிக்காரப் பையன்கள் ஒருவர் விடாமல் தூங்கிவிட்டார்கள். பேட்டையில் விழித்திருந்தது அலி கட்சித் தலைவர் மட்டும், அதுவும் புராஸ்டேட் புண்ணியத்தில். மூன்றாவது தடவை பாத்ரூமுக்கு எழுந்தவர், பேரனின் போனில் ஒன்பதாவது ரவுண்டைப் பார்த்துவிட்டார்: ஃபியூரி மூலைக்கு மூலை தள்ளாடுகிறார், கயிறு மட்டும் இல்லையென்றால் தரை, ரெஃபரி நடுவில் பாய்ந்து எண்ணுகிறார்.

ஆறு மணிக்கு பார்க்கில் அவர்தான் ஹீரோ. பையன்கள் சுற்றி நின்று, "அப்புறம் தாத்தா? அப்புறம்?" என்றார்கள். எண்ணியது சரியா, அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டுமா என்று ஒரு மணி நேரம் விளாசினார். பாயின்ட்ஸில், இரண்டு நடுவர் ஒரு பக்கம், ஒருவர் மறு பக்கம் என்று ஸ்கோர் கார்டையே ஒப்பித்தார்.

"அப்போ ஹெவிவெயிட் சாகலைன்னு ஒத்துக்கிறீங்களா?" என்றான் ஒருவன்.

"செத்துத்தாண்டா போச்சு. உயிரோட இருந்தா எட்டரைக்கு வந்திருக்கும்ல?"