ஆணைக்குழுவும் கழுதையும்

இலங்கையில் அரசாங்கங்கள் பிறப்பதே பஸ்ஸைத் திருத்துவதற்குத்தான். மன்னார்த் தீவில், எங்கள் பேசாலைச் சந்தியில் நின்று பார்த்தால் இந்த உண்மை தெளிவாகத் தெரியும். பஸ்தான் தெரியாது.

எங்களுக்கு ரயில் 1914இலேயே வந்துவிட்டது. வெள்ளைக்காரன் தலைமன்னாருக்குத் தண்டவாளம் போட்டது எங்கள் மேல் கொண்ட பாசத்தால் அல்ல. தனுஷ்கோடியிலிருந்து கப்பலில் வந்து இறங்குபவர்களைக் கொழும்புக்கும் தோட்டங்களுக்கும் ஏற்றி அனுப்பவேண்டும். பேசாலை நடுவில் கிடந்தது, அவ்வளவுதான். துரைமார் நித்திரையிலேயே ஊரைக் கடந்தார்கள். கருவாட்டு மணம் அவர்களை எழுப்பியிருந்தால் அதையே எங்கள் சுதந்திரப் போராட்டமாகக் கணக்கில் சேர்த்திருப்போம்.

பஸ் அப்போது தனியார் கையில். நாடு முழுக்க ஒரு பயணிக்கு இரண்டு பஸ் அடிபட்டது. ஆள் ஒரு பஸ்ஸில், அவருடைய பெட்டி மற்றதில். 1942இல் சட்டம் போட்டு, இன்ன பாதை இன்ன கம்பனிக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். சண்டை ஓய்ந்தது. ஆனால் முறைப்பாடு ஓயவில்லை. 1948இல் ரத்னம் அறிக்கை, பிறகு சன்சோனி அறிக்கை, 1956இல் ஜயரத்ன பெரேரா அறிக்கை. அறிக்கைகள் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

1958 ஜனவரி 1ஆம் திகதி பண்டாரநாயக்க அரசு எல்லா பஸ்களையும் அள்ளி எடுத்தது. இலங்கை போக்குவரத்துச் சபை பிறந்தது. லண்டனில் ஓடிக் களைத்து ஓய்வுபெற்ற இரட்டைத்தட்டு பஸ்களைக் கூடக் கூட்டிவந்து கொழும்பில் திரும்ப வேலைக்கு வைத்தார்கள். ஒரு காலத்தில் ஏழாயிரம் பஸ்களுடன் உலகின் பெரிய பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று சபை நெஞ்சை நிமிர்த்தியது. அந்த ஏழாயிரத்தில் எங்கள் பங்குக்கு வந்ததில் ஏறி, மீன் பெட்டிக்கும் கதவுக்கும் இடையில் ஒற்றைக் காலில் நின்றபடி நாங்களும் பெருமைப்பட்டோம்.

அந்த பஸ்ஸில் நடக்கும் விசாரணை எந்த ஆணைக்குழுவுக்கும் குறைந்ததல்ல.

"அக்கா, மூட்டைக்குள்ள என்ன?"

"உடுப்பு தம்பி."

"உடுப்பு இப்பிடி மணக்குமே?"

"இன்னும் தோய்க்கேல்லைத் தம்பி."

கொண்டக்டர் டிக்கட்டைக் கிழித்து, மிச்சக் காசைப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போவார். வழக்கு முடிந்தது.

கொழும்புக்கு மட்டும் நிம்மதி இல்லை. 1978இல் சபையைப் பிராந்தியங்களாக வெட்டினார்கள். 1979இல் தனியாரை மறுபடி அழைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் 'மக்கள்மயமாக்கல்' என்று சொல்லி டிப்போவுக்கு ஒரு கம்பனி அமைத்து, பாதிப் பங்கை ஊழியருக்கே கொடுத்தார்கள். கொண்டக்டரே பங்குதாரர்! முதலாளியிடம் யார் மிச்சக் காசு கேட்பது? 1997இல் அந்தக் கம்பனிகளைக் கூட்டிக் கட்டினார்கள். 2005இல் புதுச் சட்டம் போட்டு மறுபடி ஒரே சபை. சுற்றிச் சுற்றிச் சுப்பற்றை கொல்லைக்குள்தான்.

இந்தக் கூட்டல் கழித்தலை ரசிக்க எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. போரில், 1990இல் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்ந்தது, ரயில் நின்றது. பலர் பஸ்ஸை நம்பாமல் படகேறி இராமேஸ்வரம் போனார்கள். மிஞ்சியவர்கள் தள்ளாடிச் சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய்த் திரும்ப ஏறினார்கள். பின்னாளில் மதவாச்சியில் பஸ்ஸையே மாறச் சொன்னார்கள். உட்கார்ந்து போகக் காசு கொடுத்து நடந்துபோன சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

2010இல் புதுப்பாலம் வந்தது, 2015இல் ரயிலும் திரும்பியது. இப்போது சபையின் சிவப்பு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் நேர அட்டவணைக்காகச் சண்டை பிடிக்கின்றன. 1942இல் நிறுத்திய அதே சண்டை, விட்ட இடத்திலிருந்து.

இத்தனைக்கும் அசையாதவை மன்னார்க் கழுதைகள்தான். அரேபிய வணிகரோடு வந்தவை என்பார்கள். எந்த அரசும் அவற்றைத் தேசியமயமாக்கவில்லை, பங்கு பிரிக்கவில்லை. இரவில் தார் றோட்டின் சூட்டில் படுத்திருக்கும். ஹோர்ன் அடித்தால் ஒரு காது மட்டும் ஆடும். தனியாரும் சபையும் ஒற்றுமையாக விலகிப்போவது அங்கே மட்டும்தான்.

அடுத்த ஆணைக்குழு எப்படியும் வரும். அதன் கனவான்கள் ஜீப்பை விட்டுவிட்டு, தலைமன்னாரிலிருந்து பஸ்ஸிலேயே வரட்டும். காத்திருக்கும் நேரத்திலேயே அறிக்கையை எழுதி முடித்துவிடலாம்.