மூன்று வெட்டு வைத்த மூங்கில் தப்பை

என் மாமாவின் பெயின்ட் பெட்டியில் பிரஷ்களுக்கு நடுவே சாண் நீள மூங்கில் தப்பை ஒன்று கிடக்கும். அதில் கத்தியால் கீறிய மூன்று வெட்டுகள். முனையிலிருந்து முதல் வெட்டு 10 மில்லிமீட்டர், அடுத்தது 35, கடைசி 65. லாரி நம்பருக்கு எழுத்தின் உயரம் 65, கோட்டின் தடிமன் 10, எழுத்துக்கு எழுத்து இடைவெளி 10. ஆட்டோவுக்கு உயரம் 35. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இந்த அளவெல்லாம் அச்சாகியிருக்கிறது. மாமா அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் கேட்டறிந்து வெட்டிவைத்துக்கொண்டார்.

1991-ல் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். சாக்பீஸ் தூள் தடவிய நூலை ஆளுக்கொரு முனை பிடித்துச் சுண்டினால் பலகையில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டின்மேல் தப்பையை நிறுத்தி அளந்த பிறகுதான் பிரஷ்ஷை எனாமலில் தோய்ப்பார். வாடகை வண்டிக்கு அப்போது வெள்ளைத் தரையில் கறுப்பு எழுத்து. சொந்தக் காருக்குக் கறுப்பில் வெள்ளை. வாடகை வண்டிக்கு மஞ்சள் வந்ததெல்லாம் பின்னால்.

நம்பரை முன்னும் பின்னும் எழுதினால் போதாது, இரண்டு பக்கவாட்டிலும் எழுத வேண்டும். காலி எடை, சுமையோடு சேர்ந்த எடை, நேஷனல் பர்மிட் வண்டியானால் அதற்கொரு வட்டம். பிறகு கேபின் கதவில் முதலாளி பெயர், ஊர், போன் நம்பர். பல முதலாளிகள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து மளிகைக் கடை நம்பரைப் போட்டு அருகில் பி.பி. என்று எழுதுவோம். இதில் சட்டம் கேட்டது பாதி, வழக்கம் கேட்டது பாதி. எழுதும் எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒருமுறை எஃப்.சி.க்குப் போன லாரி ஒன்று திரும்பி வந்துவிட்டது. நம்பரில் இருந்த 3-க்கு மாமா வால் சுழித்து, சிவப்பில் ஷேடு கொடுத்திருந்தார். பார்க்க அவ்வளவு அழகு. பிரேக் இன்ஸ்பெக்டர் பத்தடி தள்ளி நின்று பார்த்து, “இது மூணா எட்டா?” என்று கேட்டாராம். அன்றைக்கு ஏற்ற வேண்டிய லோடு போயிற்று. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. டர்பன்டைன் துணியால் துடைத்து எடுத்துவிட்டு, வெறும் மூன்றாக எழுதினார். “அழகு காட்டணும்னா கதவுல காட்டலாம் மாப்ள. நம்பர் அடிபட்டுக் கிடக்கறவன் படிக்கறதுக்கு” என்றார்.

அந்தச் சொல்லின் கனம் எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது. விடியற்காலை சைக்கிளில் பால் கொண்டுபோன என் பெரியப்பாவை ஒரு லாரி இடித்துவிட்டுப் போய்விட்டது. பார்த்தது வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி மட்டும். நம்பரின் எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பின்பலகையில் தமிழில் பெரிதாக ஊர்ப்பெயர் இருந்தது: ராசிபுரம். பக்கத்தில் ஒரு சூரியகாந்திப் பூ. ஊர்ப்பெயரையும் பூவையும் சொல்லி விசாரித்ததில் மறுநாளே வண்டி தெரிந்துவிட்டது. முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்து செலவை ஏற்றுக்கொண்டார். பெரியப்பா ஒரு கால் தாங்கித் தாங்கித்தான் நடந்தார், ஆனாலும் நடந்தார்.

இப்போது காலம் வேறு. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் தகடுதான். அலுமினியத் தகட்டில் அழுத்தி எழுப்பிய எழுத்து, அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரில் பொறித்த தனி அடையாள எண், ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடிகிற பூட்டு. திருட்டு வண்டிக்கும் போலி நம்பருக்கும் இது நல்ல கடிவாளம். நான் மனதார வரவேற்கிறேன், மாமாவின் பிழைப்பில் ஒரு பகுதி அதோடு போனது என்றாலும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது வீட்டு மோட்டார் பார்க்க ஒரு குட்டி யானையில் இரண்டு பையன்கள் வந்தார்கள். மாமாவுக்குப் புரை எடுத்த கண். தப்பையை எடுத்துக்கொண்டு மெல்லப் போய் மஞ்சள் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தார். “அளவு சரியா இருக்குது” என்றார். பிறகு கதவைத் தடவினார். இந்தப் பக்கம் போய்த் தடவினார், அந்தப் பக்கமும் போனார். ஒரு எழுத்தில்லை. “யாரு வண்டின்னே தெரியலயே மாப்ள?”

மாமாவின் இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் வைத்த இடமும் உண்டு. கலிஃபோர்னியாவில் பிளம்பிங் வேலை எடுப்பவர்களும் கிணறு தோண்டுபவர்களும் வண்டியின் இரண்டு பக்கமும் தொழில் பெயர், முகவரி, உரிம எண் மூன்றையும் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கிணறு தோண்டுகிறவர் என்றதும் எனக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள்தான் நினைவுக்கு வந்தன. இங்கேயும் 2010-ல் உச்ச நீதிமன்றம், ஆழ்துளைக் கிணறு போடும் இடத்தில் தோண்டும் நிறுவனத்தின் முகவரியும் கிணற்று உரிமையாளரின் முகவரியும் எழுதிய பலகை வைக்கச் சொன்னது. பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். வண்டியின் கதவைப் பிடுங்க முடியாது.

தகட்டில் இருக்கும் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டும், போலீஸ் வேண்டும். வேலையைப் பாதியில் விட்டுப் போனவரையும் இடித்துவிட்டுப் போனவரையும் தெருவில் நிற்கிற சாதாரண ஜனம் அடையாளம் சொல்லப் பெயரும் ஊரும் வேண்டும். தன் பெயரைக் கதவில் எழுதிக்கொண்டு ஓட்டுகிறவர் வளைவில் கொஞ்சம் நிதானிப்பார் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

குட்டி யானையோ மினி லாரியோ வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இரண்டு கதவிலும் உங்கள் பெயர், தொழில், ஊர், போன் நம்பர் நான்கையும் தமிழில், தெருவின் எதிர்ப்பக்கம் நிற்கும் ஒரு பாட்டி படிக்கிற அளவில் எழுதிவையுங்கள். ஸ்டிக்கர் இரண்டு கோடையில் உரிந்துவிடும். எனாமலில் எழுதத் தெரிந்தவர்கள் நாமக்கல்லில் இன்னும் இருக்கிறார்கள்.