499 ரூபாய்க்குத் தன்னம்பிக்கை, ஜிஎஸ்டி தனி

வேலை கிடைக்கவில்லையா? உங்கள் தவறு. வேலை இருந்தும் சம்பளம் பத்தவில்லையா? அதுவும் உங்கள் தவறு. தொழிலில் நட்டமா, தலைக்கு மேல் கடனா, ராத்திரி தூக்கம் வரவில்லையா? எல்லாம் நீங்களே வரவழைத்துக்கொண்டது. ஆள்பவர்மீது குற்றமில்லை. வங்கிமீது குற்றமில்லை. முதலாளிமீது குற்றம் இருக்கவே முடியாது. இதைக் காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை, ஏசி கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, மைக்கில் கத்திச் சொல்வதற்குப் பெயர் தன்னம்பிக்கைப் பயிலரங்கம்.

கட்டணம் 499 ரூபாய். பக்கத்தில் 4,999 என்று அச்சடித்து, அதன்மேல் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். 4,999 கொடுத்துப் போன மனிதரை நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள், நானும் பார்த்ததில்லை. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. நம்மை நாமே நம்புவதற்கும் டெல்லிக்குப் பங்கு உண்டு.

கோவையில் அப்படி ஒன்றுக்குப் போயிருந்தேன். வாசலில் கோட் போட்ட பையன்கள் இரண்டு வரிசையாக நின்று, நுழைகிற ஒவ்வொருவருக்கும் கைதட்டினார்கள். கழிப்பறை எங்கே என்று தேடிக்கொண்டு நுழைந்தவருக்கும் அதே கைதட்டல். மேடையில் எல்இடி திரை. அதில் பேச்சாளர் ஒரு ஹெலிகாப்டர்மேல் கை வைத்து நிற்கிறார். ஹெலிகாப்டர் யாருடையது என்று போடவில்லை.

பேச்சாளர் ஓடிவந்தார். இந்தத் தொழிலில் யாரும் நடந்து வருவதில்லை. "குட் மார்னிங் சாம்பியன்ஸ்!" என்றார். பதில் சத்தம் போதவில்லையாம். மறுபடி. இன்னும் போதவில்லையாம். தொண்டை கட்டியபிறகு, பக்கத்து இருக்கைக்காரரின் கண்ணைப் பார்த்து "நீ ஒரு சிங்கம்" என்று சொல்லச் சொன்னார். என் பக்கத்தில் கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர், அறுபதை நெருங்குகிற மனிதர். "நீங்க சிங்கமுங்க" என்றார், மரியாதையை விடாமல்.

அடுத்து அறிவியல். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வாம். இலக்கைத் தாளில் எழுதி வைத்திருந்த மாணவர்கள் 3 சதவீதம் பேர். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால் மற்ற 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தைவிட இந்த 3 சதவீதத்தாரின் சொத்து அதிகமாம். மண்டபம் அசந்துபோனது. அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்துவிட்டு யேல்காரர்களே கையை விரித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நடக்காத ஆய்வைக் காட்டி நம்மையும் எழுதச் சொன்னார். எழுதினோம். பேனா இலவசம். அதில் அவர் முகம்.

பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும் என்றார். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த சோதனையிலிருந்து பிய்த்தெடுத்த கணக்கு இது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் சொல்லவைத்து, கேட்பவருக்கு விருப்பமா வெறுப்பா எது தெரிகிறது என்று அவர் பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் இதைப் பொருத்தாதீர்கள் என்று அவரே சொல்லியாயிற்று. போகட்டும், கணக்கு சரியென்றே வைத்துக்கொள்வோம். வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்றால், நாள் முழுக்க வார்த்தையை விற்றவர் 93 சதவீதக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டாமா?

பிறகு கழுகு வந்தது. கழுகு வராத தன்னம்பிக்கைக் கூட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய், பாறையில் மோதி அலகை உடைத்துக்கொள்ளுமாம். நகத்தைப் பிடுங்கி, இறகைப் பிடுங்கி, ஐந்து மாதம் காத்திருந்து, புது அலகோடு இன்னும் முப்பது வருஷம் பறக்குமாம். எந்தக் கழுகும் இதைச் செய்வதில்லை. அலகில்லாத கழுகு ஐந்து மாதம் எதைத் தின்னும்? செத்துப்போகும். அவ்வளவுதான் பறவையியல். ஆனால் இந்தக் கதைக்கு ஓர் உபயோகம் இருக்கிறது. வேலையை விட்டுத் துரத்தப்பட்டவனிடம் 'இது உனக்குப் புது அலகு முளைக்கிற காலம்' என்று சொல்லிவிட்டால், அந்த ஐந்து மாதம் அவன் வீட்டுக்கு அரிசி யார் வாங்குவது என்ற கேள்வி எழாது. துரத்தியவன் யார் என்ற கேள்வி சுத்தமாக எழாது.

பட்டறைக்காரர் காலையிலேயே ஒரு கேள்வி கேட்க எழுந்தார். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் ஏறியது. உச்சநேரக் கட்டணம் வேறு. கோவையின் குறுந்தொழில்காரர்கள் கதவடைப்பு, உண்ணாவிரதம் எல்லாம் இருந்து பார்த்துவிட்டார்கள். இதைத்தான் சொல்ல வந்தார். பேச்சாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "சார், உங்க பிரச்சினை கரண்ட் பில் இல்ல. உங்க மைண்ட்செட்." ஐந்நூறு பேர் கைதட்டினார்கள். மனிதர் உட்கார்ந்துவிட்டார். மதியம் பிரியாணியில் பீன்ஸைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மைண்ட்செட்டுக்கு நிலைக்கட்டணம் இல்லாத வரைக்கும் சரிங்க."

இன்னொரு பக்கம் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற ஒரு பெண். முதல் வரிசை. சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள். 'முடியாது என்ற வார்த்தையை அகராதியிலிருந்து கிழித்துப் போடு' என்பதையும் எழுதிக்கொண்டாள். 2024 குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. பிற்பாடு ஏற்றினார்கள், அப்போதும் பத்தாயிரத்தைத் தொடவில்லை. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். இந்த 20 லட்சம் பேரும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, குளிர்ந்த நீரில் குளித்து, கண்ணாடி முன் நின்று 'நான் ஜெயிப்பேன்' என்று நூறு முறை சொன்னாலும் நாற்காலி பத்தாயிரத்துக்கு உள்ளேதான். மீதி 19 லட்சத்துச் சொச்சம் பேருக்கும் மைண்ட்செட் கோளாறா? ஒரு மாநிலத்தின் இளைஞர் கூட்டம் மொத்தமாகவா சோம்பேறி? பாஸ் பண்ண முடியாத கணக்கைப் போட்டவனை விட்டுவிட்டு, ஃபெயிலானவளை மட்டும் திருத்த வருகிறார்கள்.

மாலை நான்கு மணி. விளக்கை அணைத்தார்கள். புல்லாங்குழல். கண்ணை மூடச் சொன்னார். அதுவரை கத்திய குரல் திடீரென்று குழைந்தது. "உங்க அம்மாவை நினைச்சுப் பாருங்க. அவங்க கையை நினைச்சுப் பாருங்க. அந்தக் கையில இருக்கற காய்ப்பை நினைச்சுப் பாருங்க. அவங்களுக்கு நீங்க இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?" எங்கோ ஒரு விசும்பல். அப்புறம் பத்து. அப்புறம் மண்டபம் முழுக்க. பக்கத்தில் பட்டறைக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுதது உண்மையான அழுகை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் வயிறு எரிகிறது.

நான் கண்ணை மூடவில்லை. காலையில் கைதட்டிய அதே பையன்கள் இருட்டில் நடைபாதையில் வந்து நின்றதைப் பார்த்தேன். ஒரு கையில் டிஷ்யூ பெட்டி. இன்னொரு கையில் ஸ்வைப் மெஷின்.

விளக்கு எரிந்தது. டைமண்ட் மெம்பர்ஷிப், 49,999 ரூபாய், இன்றைக்கு மட்டும், முதல் முப்பது பேருக்கு மட்டும், தவணையும் உண்டு. "உங்க அம்மாவுக்காக இந்த ஒரு முடிவை எடுக்க மாட்டீங்களா?" முதல் வரிசைப் பெண் வெளியே போய் போனில் பேசினாள். நான் தண்ணீர் குடிக்கப் போனவன், காதில் விழுந்தது. "செயினை வெச்சுக்கலாம்மா. ரெண்டே மாசத்துல திருப்பிடலாம்." அம்மாவை நினைத்து அழவைத்து, கண்ணீர் காய்வதற்குள் அம்மாவின் செயினை அடகுக் கடைக்கு அனுப்புகிற இந்தச் சாமர்த்தியத்துக்கு முன்னால், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பிக்பாக்கெட் அடிப்பவன் நாணயஸ்தன். அவன் நம்மைக் கைதட்டச் சொல்வதில்லை.

டைமண்ட் உறுப்பினருக்கு ஏலகிரி ரிசார்ட்டில் தீ மிதிக்கும் பயிற்சியும் உண்டாம். பயத்தை வெல்வதற்கு. அமெரிக்க இறக்குமதி. அங்கே டோனி ராபின்ஸ் என்ற பேச்சாளரின் கூட்டத்தில் 2016இல், டல்லஸ் நகரத்தில், டாலர் கட்டித் தீ மிதித்தவர்களில் முப்பதுக்கு மேற்பட்டோர் கால் சுட்டுக்கொண்டார்கள். நம் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு போனால் ஒரு பைசா வாங்காமல் மிதிக்க விடுவார்கள். கரையேறியதும் 'அடுத்த லெவலுக்கு அப்கிரேட் செய்கிறீர்களா' என்று எந்தப் பூசாரியும் கேட்டதில்லை.

இந்தச் சரக்கு அரசுப் பள்ளிக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில், தன்னம்பிக்கை ஊட்ட வந்த ஒருவர், உடற்குறையோடு பிறப்பதற்கு முற்பிறவிப் பாவம் காரணம் என்று மாணவிகளிடம் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து கேட்டார். அவரையே மேடையிலிருந்து மடக்கினார் பேச்சாளர். வீடியோ பரவி ஊரே கொதித்தபிறகு பேச்சாளரைக் கைது செய்தார்கள். தலைமையாசிரியரை இடம் மாற்றினார்கள். நல்லது. ஆனால் அந்த மனிதர் செய்த ஒரே பிழை, சரக்கைப் பழைய உறையில் போட்டு விற்றது. நீ கஷ்டப்படுவதற்குப் போன ஜென்மத்தில் நீ செய்தது காரணம் என்றால் கைது. நீ கஷ்டப்படுவதற்கு உன் மைண்ட்செட் காரணம் என்று கோட் போட்டுக்கொண்டு சொன்னால் பொன்னாடை. இரண்டிலும் அடிபட்டவன்தான் குற்றவாளி. அடித்தவன் பெயர் இரண்டிலும் வராது.

வியாபாரம் பழசுதான். 1929இல் நியூயார்க் பங்குச் சந்தை கவிழ்ந்து, அமெரிக்காவில் கோடிக்கு மேற்பட்டோர் வேலையிழந்து, கஞ்சித் தொட்டி முன்னால் வரிசையில் நின்ற காலத்தில், 1937இல், 'நினைத்தால் பணக்காரனாகலாம்' என்று நெப்போலியன் ஹில் புத்தகம் போட்டார். பிய்த்துக்கொண்டு விற்றது. ஊர் பட்டினி கிடக்கும்போதுதான் இந்தக் கடைக்குக் கூட்டம். ஊர் நன்றாக இருந்தால் இவர்களுக்குப் பிழைப்பு இல்லை. மருந்துக் கடைக்காரராவது சில வியாதிகள் ஒழியட்டும் என்று நினைப்பார்.

நம் ஊர் பொறியியல் கல்லூரிகளைக் கேளுங்கள். பாடம் நடத்த ஆள் இருக்காது. ஆய்வகத்தில் பாதிக் கருவி ஓடாது. பேச்சாளருக்கு மட்டும் விமான டிக்கெட், நட்சத்திர ஹோட்டல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு உதவிப் பேராசிரியரின் பல மாதச் சம்பளம். அந்த உதவிப் பேராசிரியருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அவரையும் முதல் வரிசையில் உட்காரவைத்து, "பணத்துக்காக வேலை செய்யாதீர்கள்" என்று கேட்கவைக்கிறார்கள். பேசியவர் காசோலையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் காரில் ஏறுவார்.

பயிலரங்கம் முடிந்த வாரமே ஒரு போன். "சார், நீங்க டைமண்ட் எடுக்கலியே? டிசிஷன் எடுக்கறதுக்கு உங்களுக்கு பயம் இருக்கு சார்." சின்னப் பெண்ணின் குரல். பின்னால் அதே வாக்கியத்தைப் பத்துக் குரல்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

"உனக்கு அங்க சம்பளம் எவ்வளவும்மா?" என்றேன்.

"சம்பளம்னு இல்ல சார். ஆள் சேர்த்தா இன்சென்டிவ்."

"ஆள் சேரலேன்னா?"

"எங்க மைண்ட்செட் சரியில்லன்னு சார் சொல்வாரு."

"நீ என்னம்மா நினைக்கறே?"

கொஞ்சம் யோசித்தாள். "கால் ரெக்கார்டு ஆகுது சார்" என்றாள்.