இடப்பக்கச் சீற்றின் சாரதி

ஓகஸ்ட் மாதத்தில் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் ஒரு வகை மனிதரின் நடமாட்டம் கூடும். ஊரார் அவரைச் 'சுவிஸ் மாமா' என்பார்கள். ஜேர்மனியிலிருந்து வந்தாலும் பெயர் அதுதான்.

கட்டுநாயக்காவில் வான் ஏறியதும் றைவருக்குப் பக்கத்துச் சீற் அவருக்கு. இங்கே அது இடப்பக்கம். சுவிஸில் ஸ்ரேறிங் இருப்பதும் அந்தப் பக்கந்தான். ஆகவே வானைத் தானே ஓடுவதாகத்தான் அவருடைய கால் நம்புகிறது. புளியங்குளத்தில் ஒரு மாடு தலையைத் திருப்பினாலும் போதும், வெறும் தரையில் 'பிறேக்' விழும்.

இந்த அதிகாரம் அவருக்கு ஒரே நாளில் கிடைத்தது. சுவிஸில் 2005 டிசம்பர் முதல் புதிதாக லைசென்ஸ் எடுப்பவர்களுக்கு முதலில் மூன்று வருடத் தற்காலிக லைசென்ஸ்தான். கூடவே மேலதிகப் பயிற்சியும் கட்டாயம். முன்பு இரண்டு நாள். 2020 முதல் ஒரு நாள், ஏழு மணித்தியாலம். மாமா பழைய லைசென்ஸ்காரர், அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனால் மகன் போய்வந்து சாப்பாட்டு மேசையில் பிறேக்கைப் பற்றிப் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. சுவிஸ் வாகன ஓட்டிகளின் சங்கமான ரீசிஎஸ், விரும்பி வருபவர்களுக்கும் இப்படியான பயிற்சி நடத்துகிறது. காசு கட்டினார்.

சொந்தக் காரில் வரலாம் என்றார்கள். மாமாவுக்கு இங்கேதான் நித்திரை போனது. ஈரத்தரையில் இழுபட்டால் ரயர் தேயாதா? மகனின் காரைக் கேட்டார், மகன் சிரித்தான். கடைசியில் தன் காரைக் கழுவி, நாலு ரயருக்கும் காற்றுப் பார்த்து, கலியாண வீட்டுக்குப் போவதுபோலப் போனார்.

முழுப்பலத்தோடு பிறேக்கை மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தார். காலின் கீழ் ஏபிஎஸ் 'கடகட'வென்று துடித்தது. கார் உடைந்துவிட்டதென்று பயந்து காலை எடுத்துவிட்டார். முதல்முறை பலரும் அப்படித்தான். சில்லு இறுகிப்போகாமல் பிறேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் துடிப்பு அது. காலை எடுக்காமல் ஸ்ரேறிங்கைத் திருப்பினால் கார் சொல்வழி கேட்கும். தினமும் ஓடும் காரிலேயே அந்தத் துடிப்பைக் கால் பழகிக்கொள்வது நல்லது. வாடகைக் காரில் பழகி என்ன பலன்? இந்த ஒரு விசயத்தில் மாமாவைக் குறை சொல்ல முடியாது.

குறை, ஊருக்கு வந்த பிறகு தொடங்குகிறது.

புதுக்குடியிருப்புத் தேத்தண்ணிக் கடையில் அவர் கணக்குப் போடுகிறார்: வேகத்தைப் பத்தால் பிரி. மூன்றால் பெருக்கினால், மூளை முழிக்கும் தூரம். பத்தால் பிரித்து வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், பிறேக் பிடிக்கும் தூரம். ஊர்மனைக்கு வெளியே இலங்கையில் காருக்கு எல்லை 70. இருபத்தொன்றும் நாற்பத்தொன்பதும் எழுபது மீற்றர்! அடுத்தது 1997இல் சுவீடனில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்த கதை. வீதியில் எல்க் மான் குறுக்கிட்டதாக வைத்து, சட்டென்று வெட்டித் திருப்பும் சோதனை அது. அதற்குப் பிறகுதான் அந்தக் காருக்கெல்லாம் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்பி பூட்டினார்கள்.

வான்காரர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு கேட்டிருப்பார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய தலைமுறை அவர். இரவில் தார்வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கு லைற்றைக் குறைத்து வழிகேட்டவர். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய வட்டுவாகல் பாலத்தில், எதிர்க்கரை வெளிச்சத்தைக் கண்டதும் இந்தக் கரையிலேயே நிற்பவர். அவருக்குச் சான்றிதழ் இல்லை.

மாமா அடங்கவில்லை. மச்சானின் வாகன் ஆர் காரில் அந்தப் பிறேக் பயிற்சியைச் செய்துகாட்ட ஆயத்தமானார். 2020இல் நிறுத்திய கார் இறக்குமதி 2025இல்தான் திறந்தது. பழைய வாகன் ஆருக்கே தங்கத்தின் மதிப்பு. மச்சான் திறப்பைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டார்.

"அத்தான், அங்கை உங்கடை காரிலைதானே செய்தனீங்கள்?"

இடங்கொடுத்தவர், இருசில்லு உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்ரர் வைத்திருக்கும் சித்தப்பா மட்டுந்தான். மாமா அதன் பின்பெட்டியில் ஏறி நின்று கணக்குச் சொன்னார்: பத்துக் கிலோமீற்றர் வேகத்துக்கு மூன்றும் ஒன்றும் நாலு மீற்றர்.

"நாலு மீற்றருக்குள்ளை மாடு நிண்டா?" என்றார் சித்தப்பா.

"ஸ்ரேறிங்கை வெட்டித் திருப்பவேணும், சித்தப்பா!"

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். "இதிலை எங்கையடா ஸ்ரேறிங்?"