டி3-க்குப் பெயர் வைத்தவர் கவனத்துக்கு

பெறுநர்: பெயர்சூட்டு அதிகாரி அவர்கள், ஜாங்கோ ஓஆர்எம்.

பொருள்: ஒரே டேபிள் இரண்டாம் முறை ஜாயின் ஆகும்போது வழங்கப்படும் மாற்றுப்பெயர் தொடர்பாக.

ஐயா,

க்வெரியில் இடம்பெறும் ஒவ்வொரு டேபிளுக்கும், யாரும் மனுப் போடாமலே, ஜாங்கோ ஒரு மாற்றுப்பெயர் வழங்குகிறது. முதலில் வரும் டேபிளுக்குச் சொந்தப் பெயரே நிலைக்கும். அதே டேபிள் மறுபடி வந்தால் ‘டி’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும்தான்.

மேட்ச் டேபிளில் ஹோம், அவே என இரண்டு ஃபாரின் கீ. இரண்டும் டீம் டேபிளையே சுட்டுகின்றன. இரு அணிகளின் பெயரையும் ஒரே ஃபில்டரில் கொடுத்தால் ஒரு ஜாயின் ‘டீம்’, மற்றது ‘டி3’. மேட்சும் டீமும் ஏற்கெனவே பதிவேட்டில் ஏறிவிட்டதால் எண் 3. கணக்கில் பிசகில்லை.

வரிசையில்தான் வேடிக்கை. கோடில் ஹோமை முதலில் எழுதினாலும், ஒரே ஃபில்டருக்குள் வரும் நிபந்தனைகள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்படுகின்றன. ஆகவே அவே முந்திக்கொள்கிறது. விருந்தாளி பேரில் பட்டா. வீட்டுக்காரர் கையில் டோக்கன்.

சப்க்வெரிக்குள் யு0, யு1. அதற்குள் இன்னொன்று என்றால் வி0. இசட் தீர்ந்தால் ஏஏ தொடங்கும். அத்தனை ஆழத்துக்கு யார் போவார்கள் என்று தெரியாவிட்டாலும், தொலைநோக்கு பாராட்டுக்குரியது.

‘எக்ஸ்ட்ரா’ வழியாகக் கைப்பட எஸ்க்யூஎல் எழுதுவோருக்குத்தான் வினை. வெறும் ‘நேம்’ என்று எழுதினால், எந்த டேபிளின் நேம் என்று புரியவில்லை என போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நிறுத்திவிடும். அது நல்ல காலம். ‘டி3.நேம்’ என்று எழுதி, பிறகு ஒருவர் ஃபில்டரை இரண்டாகப் பிரித்து ஹோமை முன்னால் வைத்தால், டி3 சத்தமில்லாமல் அவே ஆகிவிடும். பிழை வராது, தப்பான அணிதான் வரும்.

ஜாங்கோ 2.0-இல் வந்த ஃபில்டர்டு ரிலேஷன் மூலம் விரும்பிய பெயரைக் கேட்கலாம். அந்த டேபிள் முதல்முறை வந்தால் கேட்ட பெயரே எஸ்க்யூஎல்லிலும் கிடைக்கும். ஏற்கெனவே வந்திருந்தால், மனு ஏற்கப்பட்ட பிறகும் அங்கே டி எண்தான்.

டி எண்ணைத் தொடாமல் எஃப் எக்ஸ்பிரஷனில் ‘ஹோம்’ வழியாக ‘நேம்’ கேட்போருக்கு இந்த அலைச்சல் இல்லை. சரியான மாற்றுப்பெயரை அலுவலகமே தேடி எடுத்துக்கொள்கிறது.

இணைப்பு: க்வெரிசெட்டின் ‘க்வெரி’யை பிரின்ட் செய்து எடுத்த எஸ்க்யூஎல், ஒரு பிரதி.