இன்னாத்தக்கா அமுக்கின?

ராயபுரம் கல்மண்டபம் பக்கம், ஓர் ஆள் நிற்கும் அகலத்தில் ஒரு செல்போன் கடை. வடசென்னையில் தெருவுக்கு ஒருவராவது இந்தக் கடைக்காரரைப் போல இருப்பார். டிஸ்ப்ளே மாற்றப்படும், பேட்டரி போடப்படும் என்றுதான் போர்டு சொல்லும். நிஜத் தொழில் குறுக்கு விசாரணை.

காசிமேட்டு மீன்கார அக்கா போனை நீட்டுகிறார். "உள்ள வைரஸ் பூந்துக்கிச்சாம்பா. நிமிசத்துக்கு ஒருவாட்டி சொல்லுது."

"இன்னாத்தக்கா அமுக்கின?"

"நான் ஒண்ணியும் அமுக்கல."

இந்த வாக்குமூலத்தை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. சீரியல் பார்க்கப் போன இடத்தில், 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலோவ் அமுக்கவும்' என்று ஏதோ ஒரு வெப்சைட் கேட்டிருக்கும். தான் ரோபோ இல்லை என்பதில் அக்காவுக்கு என்ன சந்தேகம்? அமுக்கிவிட்டார். அது நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கொடுத்த அனுமதி. வருவது வைரஸ் அல்ல, வைரஸ் ஒழிக்கிறேன் என்று கூவும் விளம்பரம். குரோமில் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போய் அனுமதியைப் பிடுங்குகிறார். இருபது ரூபாய். போணி ஆகாத நாளில் அக்கா தருவது நாலு சங்கரா.

அடுத்து, எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் ஓட்டும் அண்ணன். எதைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்கிறது போன். தேதி தானாக மாறும் வசதியை யாரோ அணைத்திருக்க, சார்ஜ் தீர்ந்து எழுந்த போன் பழைய வருஷத்திலேயே நிற்கிறது. அந்தக் கணக்கில் வெப்சைட்டின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, பிரவுசர் நம்புமா?

2023 அக்டோபர் 20 அன்று கடைக்கு நல்ல கூட்டம். பேரிடர் எச்சரிக்கைச் சோதனைக்காகத் தமிழ்நாடு முழுக்க போன்கள் ஒரே நேரத்தில் அலறிய நாள் அது. "இத்த ஆஃப் பண்ணுப்பா" என்றவர்களுக்கு அவர் அதை மட்டும் செய்து தரவில்லை. "கடலாண்ட குந்திக்கினு கத்துற பொட்டிய வாயடைக்கச் சொல்றியே!" டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தபோது அதைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்தார்.

அவருக்கும் ஒரு குறை உண்டு. கடன் வைத்த ஒரு தம்பி வாட்ஸாப்பில் 'வெள்ளிக்கெழம குடுத்துர்றேண்ணே' என்று எழுதியதெல்லாம் மறுநாள் காணாமல் போகிறது. ஹேக்கிங் என்று அடித்துச் சொன்னார். சாட்டுக்கு நடுவே சின்ன எழுத்தில் ஒரு வரி கிடந்தது: 'புதிய செய்திகள் 24 மணி நேரத்தில் மறையும்.' தம்பி போட்ட செட்டிங். பக்கத்து டீக்கடைக்காரர்தான் அதைப் படித்துக் காட்டினார், சத்தமாக.