பழைய பேப்பர் கிலோ என்ன விலை?

ஆகன், ஜெர்மனி
6 அக்டோபர் 2025, திங்கள் இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அம்மா, அத்தை, ஆச்சி எல்லாரும் "சாப்பிட்டியா?" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான், "அங்க பழைய பேப்பர் கிலோ என்ன விலைக்குப் போகுது, தாயி?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து நான் சிரித்த முதல் சிரிப்பு அதற்குத்தான்.

பதிலைக் கேட்கும் முன் கல்லாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை இங்கே பழைய பேப்பருக்கு விலையே கிடையாது. விடுதி வாசலில் ஒரு நீலத் தொட்டி நிற்கிறது. அதில் கொண்டுபோய்ச் சும்மா போட்டுவிட்டுப் போகிறார்கள். எட்டிப் பார்த்தேன். மடிப்புக் கலையாத செய்தித்தாள், ஈரம் படாத அட்டைப்பெட்டி, வழவழ தாளில் விளம்பரப் புத்தகம். நீங்கள் பார்த்திருந்தால் கை நடுங்கியிருக்கும். எனக்கே நடுங்கியது; பாதி குளிராலும்தான்.

ஆனால் பாட்டிலுக்கு விலை இருக்கிறது. நேற்று என் மானம் போனதும் அந்தப் பாட்டிலால்தான்.

நான் வந்து இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு டிக்கெட் மலிவு என்று கண்டுபிடித்ததற்காக அப்பா என்னைத் தெருவெல்லாம் பாராட்டினாரே, அந்தப் பாராட்டை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள். ஞாயிறன்று இந்த நாட்டில் கடையைத் திறக்கச் சட்டம் விடாது. நம் ஊரில் கடையடைப்பு என்றாலும் பாதி ஷட்டரைத் தூக்கி ஒரு பால் பாக்கெட் தள்ளுவார்கள். இங்கே ஊரே கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. விதிவிலக்குப் பெற்ற சிலவற்றில் ரயில் நிலையத்துக் கடைகளும் உண்டு. அங்கேதான் ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்தேன். 2 யூரோ 80 சென்ட். அதற்குக் கீழே தனியாக ஒரு 25 சென்ட். ஜி.எஸ்.டி. மாதிரி ஏதோ வரி என்று நினைத்துக்கொண்டேன். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால்கூட முந்நூறு ரூபாய்க்குத் தண்ணீர், மாமா.

ஒரு வாய் குடித்தேன். மூக்கில் ஏறியது. காஸ் ஏற்றிய தண்ணீர்! பன்னீர் இல்லை, எலுமிச்சை இல்லை, ஒரு சிட்டிகை உப்புகூட இல்லாத வெறும் சோடா. காசு கொடுத்த பாவத்துக்கு ஏப்பம் விட்டுவிட்டு முழுவதையும் குடித்தேன். முடித்ததும், பாட்டில் மேலேயே எழுதியிருப்பதை நம் ஊரில் ஒருத்தரும் செய்யமாட்டார்கள் என்று நீங்கள் அலுத்துக்கொள்வீர்களே, அதைச் செய்தேன். காலின் கீழே வைத்து நன்றாக மிதித்து நசுக்கினேன். அந்நிய மண்ணில் நான் செய்த முதல் நல்ல காரியம்.

சாவியோடு வந்திருந்த மதுரை அண்ணன், என் சீனியர், வீடு இடிந்து விழுந்த மாதிரி கத்தினார். "ஏம்மா! இருபத்தஞ்சு சென்ட் போச்சே!"

அப்புறம்தான் விளக்கினார். அந்த 25 சென்ட் வரியே இல்லை, பாட்டிலுக்கான முன்பணம். ஃபாண்ட் என்று பெயர். தும்மலைப் பாதியில் அடக்குகிற மாதிரி சொல்ல வேண்டும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசைத் தந்துவிடுவார்கள். தகர டப்பாவுக்கும் அதே 25. திரும்பக் கழுவி நிரப்புகிற பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். 2003-லிருந்து பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் இதுதான் சட்டம். நீலகிரியில் 2022-ல் காலி மது பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் முறை வந்தபோது, "பாத்தியா தாயி, அரசாங்கமே நம்ம தொழிலுக்கு வந்திருச்சு" என்று மீசையைத் தடவினீர்களே, அதன் பெரியப்பா இது. ஆனால் பாட்டில் முழு உருவத்தோடு இருக்க வேண்டும். மெஷின் அதைச் சுற்றிப் பார்த்து, கோடுகளைப் படித்துத்தான் காசுக்குச் சீட்டுத் தரும். நசுக்கினதைப் படிக்காது.

கொண்டுவந்த இட்லிப் பொடியை ராத்திரி ரொட்டியோடு விழுங்கினேன். (குழாய்த் தண்ணீரையே தாராளமாகக் குடிக்கலாம் என்று அண்ணன் சொன்னது நான் படுக்கப் போகும்போது.) தூக்கம் வரவில்லை. அந்தப் பாட்டில் மேசை மேல் சப்பையாக உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து விளக்கைப் போட்டு அதை ஊத ஆரம்பித்தேன். கன்னம் வலிக்க ஊதினேன். வயிறு உப்பியது, இடுப்பு நிமிரவில்லை. சிறுவயதில் உங்கள் கடையில் ஒடுங்கின அலுமினியச் சட்டியை மரச்சுத்தியலால் தட்டி எடுப்பீர்களே, அந்த ஞாபகத்தில் பென்சிலை உள்ளே விட்டு ஒவ்வொரு மடிப்பாக நெம்பினேன். ஒரு மணி ஆகிவிட்டது. அடுத்த அறைக்காரர் சுவரில் தட்டினார். ராத்திரியில் சத்தமும் கூடாதாம்.

இன்று காலை சூப்பர் மார்க்கெட். சுவரில் ஒரு வட்ட ஓட்டை, உள்ளே சின்ன பெல்ட். பாட்டிலைப் படுக்க வைத்தேன். மெஷின் அதை உருட்டிப் பார்த்தது. யோசித்தது. வெளியே தள்ளியது. அங்கேயே நின்று இன்னொரு தடவை ஊதினேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், கூடை கூடையாகப் பாட்டிலோடு. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, முணுமுணுத்திருந்தால் தேவலை. மறுபடி வைத்தேன். மறுபடி தள்ளியது. சந்தேகத்துக்குச் சென்னை விமான நிலையத்தில் வாங்கிய பாட்டிலையும் வைத்துப் பார்த்தேன். அதைத் தொட்ட வேகத்தில் துப்பியது. எனக்கு விசா கொடுத்த நாடு என் பாட்டிலுக்குக் கொடுக்கவில்லை. பின்னாலிருந்த பாட்டி ஒருத்தி வந்து, என் கையிலிருந்ததை வாங்கி, லேபிளை மட்டும் கட்டை விரலால் நீவிவிட்டு, தலையை மாற்றி வைத்தாள். உருண்டது. பச்சை விளக்கு. சீட்டு வந்தது: 0,25.

நாலணா, மாமா!

சோடா மூடியும் பாட்டிலும் பிரித்துப் போட்டால் நீங்கள் எனக்குத் தந்த கூலி. 2011-ல் நாலணா செல்லாது என்று ஆனபோது நான் சேர்த்துவைத்த டப்பாவைத் தராசில் வைத்து இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டீர்கள். அன்றைக்கு நான் அழுததை இன்னும் சொல்லிக் காட்டுகிறீர்கள். வட்டியோடு வசூல் ஆரம்பித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணக் கதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடைப் பத்திரத்தை வைத்துப் புரட்டியதையும் சேர்த்துப் போட்ட 11,904 யூரோ கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. மாதம் 992-தான் அவிழ்ப்பார்கள். என் பணத்தை எனக்குத் தெரியாமல் நானே செலவழித்துவிடுவேன் என்று பயம்போல. இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கடிதம், அதற்கு முன்னே வரிசை. அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஊர் அழகாகத்தான் இருக்கிறது. நடுவில் கந்தக வெந்நீர் ஊற்று. கூமுட்டை நாற்றம், குடிக்காதே என்று பலகை. சார்லமேன் என்ற பேரரசர் இந்த வெந்நீருக்காகவே இங்கே அரண்மனை கட்டினாராம். குற்றாலம் பார்த்திருக்கமாட்டார் பாவம். 1959-ல் ஜெர்மனிக்காரர்கள் உதவியோடு வந்த ஐ.ஐ.டி. மெட்ராஸில்தான் எனக்கு இடம் கிடைக்கவில்லையே, அதனால் உதவி செய்தவர்கள் ஊருக்கே படிக்க வந்துவிட்டேன் என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள். "இரும்பை உருக்கித் திரும்ப இரும்பாக்குற படிப்புக்கு ஜெர்மனியா? கடையிலயே உக்காரலாம்ல" என்று நீங்கள் கேட்டது இன்று வரிசையில் நின்று ஊதும்போது நியாயமாகவே பட்டது.

சாயங்காலம் ரயில் நிலையம் பக்கம் ஒரு பெரியவரைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட கோட்டு, கையில் டார்ச். குப்பைத் தொட்டிக்குள் வெளிச்சம் அடித்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் பையில் வைத்தார். அவருக்காகவே சிலர் பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அவர் அதைக் கொண்டுபோய்ப் போடப்போவது அந்த ஓட்டையில். நம் கடையில் சாக்கை இறக்கிவைத்தவரிடம் நீங்கள் முதலில் கேட்பது எடையையா? "டீ சொல்லவா?" என்பதுதானே. என் கையில் இன்னும் அந்தச் சீட்டு இருந்தது. கொடுக்கலாமா, தப்பாக நினைப்பாரா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவர் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்.

சீட்டை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்குப் பால் வாங்கும்போது கழித்துக்கொள்வேன்.

மாலையில் டீக்காரத் தம்பி வந்தால் என் கணக்கில் ஒரு டீ சொல்லுங்கள். நீங்களே குடித்துவிடுங்கள், சர்க்கரை இல்லாமல்.

உங்கள் மருமகள்

பி.கு.: இன்று மதியம் குக்கர் மூன்று விசில் விட்டதும் மாடியிலிருந்த எல்லாரும் செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். அம்மாவிடம் சொல்லாதீர்கள். சோறு நன்றாகத்தான் வெந்திருந்தது.